ஓட்டமா, மேடையா, மௌனமா, குளிர்ந்த நீரா: எந்தச் சிரமத்தை விரும்பி ஏற்பது?

வேலை நடக்கிறது, சம்பளம் வருகிறது, ஆனாலும் சில வருடங்களாக ஒரே இடத்தில் நிற்பது போல இருக்கிறது. கொஞ்சம் கஷ்டப்பட்டு எதையாவது செய்து பார்க்க வேண்டும், எதைச் செய்வது? இப்படிக் கேட்பவர்கள் கடைசியில் வந்து நிற்பது பெரும்பாலும் நான்கு வழிகளில்தான்: விடியற்காலை ஓட்டம், மேடைப் பேச்சுப் பயிற்சி, பேசாமல் இருந்து தியானம் பழகும் பத்து நாள் விபாசனா முகாம், தினமும் குளிர்ந்த நீர்க் குளியல். நான்கும் நல்லவை, ஆனால் ஒவ்வொன்றும் செய்யும் வேலை வேறு. எது பார்க்கக் கடுமையாக இருக்கிறதோ அதைப் பிடித்துக்கொண்டு, மூன்றாம் வாரத்தில் விட்டுவிட்டு, "எனக்கு மன உறுதி இல்லை" என்று முடிவு கட்டுபவர்கள் ஏராளம். அவர்களில் பலருக்குத் தவறு நடந்தது தேர்ந்தெடுத்த அன்றைக்கே.

எதை வைத்து எடை போடுவது

முதல் கேள்வி, அடுத்த தடவையும் செய்ய முடியுமா என்பது. இன்று உங்களை எவ்வளவு வாட்டியது என்பதை விட, அடுத்த செவ்வாய்க்கிழமை மறுபடி அங்கே போய் நிற்பீர்களா என்பதுதான் பலனைத் தீர்மானிக்கிறது. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வில் 96 பேரைக் கவனித்தார்கள். ஒரு புதிய செயல் யோசிக்காமலே வரும் பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாட்கள் பிடித்தன. ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள்வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பு ஒன்றும் இல்லை. ஆகவே இரண்டு மாதமாவது தாங்கக்கூடிய சிரமம் வேண்டும்.

இரண்டாவது, அளவைக் கூட்டவும் குறைக்கவும் முடியுமா? காய்ச்சல் வந்த வாரத்தில் பாதியாகக் குறைத்துச் செய்ய வழியில்லாத பயிற்சி அந்த வாரத்தோடு நின்றுவிடும்.

மூன்றாவது, நீங்கள் வாழ்க்கையில் எதைத் தவிர்த்துக்கொண்டு வருகிறீர்களோ அதோடு இதற்குத் தொடர்பு உண்டா? இதைத்தான் நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன். மேலதிகாரியிடம் சம்பள உயர்வு கேட்க நா எழாதவர் ஐஸ் தண்ணீரில் உட்காரப் பழகினால், ஐஸ் தண்ணீரில் உட்காரத்தான் பழகுவார். ஒரு பயத்தில் வாங்கிய துணிச்சல் இன்னொரு பயத்துக்கு அப்படியே மாறிப் போவதில்லை.

நான்காவது, சரியாகச் செய்கிறோமா என்று சொல்ல ஆளோ அளவுகோலோ இருக்கிறதா?

ஐந்தாவதைப் பலர் கேட்பதே இல்லை: இதற்கு உங்களைத் தவிர வேறு யார் விலை கொடுக்கிறார்கள்? நீங்கள் நாலரை மணிக்கு எழுந்தால் வீட்டில் இன்னொருவர் தூக்கம் கெடுகிறதா, பத்து நாள் நீங்கள் இல்லாதபோது குழந்தையை யார் பள்ளிக்கு அனுப்புகிறார்கள் என்பதெல்லாம் இந்தக் கணக்கில் சேரும். வீட்டாரின் உழைப்பில் நடக்கும் சுயமுன்னேற்றம் நீண்ட நாள் நிற்காது. நிற்கவும் கூடாது.

விடியற்காலை ஓட்டம்

ஓடியே பழக்கமில்லாதவருக்கு நன்றாக வகுக்கப்பட்ட பாதை "கௌச் டு 5கே", அதாவது சோபாவிலிருந்து ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்துக்கு. ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்கர் 1996இல் வடிவமைத்தது. ஒன்பது வாரம், வாரத்துக்கு மூன்று நாள். முதல் வாரத்தில் ஐந்து நிமிடம் வேக நடை, பிறகு 60 நொடி ஓட்டம், 90 நொடி நடை என்று மாறி மாறி 20 நிமிடம். இறுதியில் 30 நிமிடம் நிற்காமல் ஓட வேண்டும். சிரமத்தை இவ்வளவு சிறிய துண்டுகளாக வெட்டித் தருவதுதான் இதன் பலம்.

பலர் உடைவது ஐந்தாம் வாரத்தில். அந்த வாரத்தின் முதல் நாள் ஐந்து ஐந்து நிமிடமாக மூன்று ஓட்டம், இரண்டாம் நாள் எட்டு எட்டு நிமிடமாக இரண்டு, மூன்றாம் நாள் ஒரேயடியாக 20 நிமிடம். மூச்சு வாங்கினால் நான்காம் வாரத்துக்குத் திரும்பிப் போய் இன்னொரு முறை செய்யலாம். ஒன்பது வாரம் பன்னிரண்டாக நீண்டால் எந்த நஷ்டமும் இல்லை. மற்றபடி எல்லோரும் செய்யும் தவறு வேகம். ஓடிக்கொண்டே ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். முடியவில்லை என்றால் வேகம் அதிகம், நடப்பவர் உங்களைத் தாண்டிப் போனாலும் சரி. இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் தேறிவிடுகின்றன. தசைநாணும் எலும்பும் அதைவிட மெதுவாகத்தான் பழகும். அதனால் "இப்போது நன்றாக ஓட வருகிறதே" என்று தோன்றும் நாட்களில்தான் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி ஆரம்பிக்கிறது. ஓட்டமில்லாத நாட்களில் படியின் விளிம்பில் நின்று குதிகாலை ஏற்றி இறக்குவதை 15 முறை வீதம் மூன்று சுற்று செய்தால் கெண்டைக்கால் வலுப்படும்.

தொடங்கும் மாதம் முக்கியம். சென்னையில் ஏப்ரல், மே மாதங்களில் காலை ஐந்து மணிக்கே காற்று புழுங்கும். வியர்வை ஆவியாகாது, அதனால் உடம்பு குளிராது. கடிகாரம் காட்டும் வேகத்தைப் பார்க்காமல் மூச்சை மட்டும் பார்த்து ஓட வேண்டிய காலம் அது. அக்டோபரிலிருந்து மழை குறுக்கிடும். ஜனவரி முதல் வாரம் தொடங்கினால் ஒன்பது வாரமும் நல்ல வானிலையில் முடிந்துவிடும். கோவை, நீலகிரிப் பக்கத்தவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு அவ்வளவு இல்லை.

செலவு என்று பார்த்தால் சுமாரான ஓட்டக் காலணி ஒரு ஜோடி மூவாயிரம் முதல் ஆறாயிரம் ரூபாய். அது 500லிருந்து 800 கிலோமீட்டர் வரை உழைக்கும், தொடக்கக்காரருக்கு ஏறக்குறைய ஒரு வருடம். வெளியில் தெரியாத செலவு தூக்கம். ஐந்து மணிக்கு எழ வேண்டுமானால் பத்து மணிக்குப் படுக்க வேண்டும். இரவுச் சாப்பாடே ஒன்பதரைக்கு நடக்கும் வீட்டில் முதலில் மாற வேண்டியது அந்தச் சாப்பாட்டு நேரம்தான். பெண்களுக்கு இருட்டில் தனியாக ஓடுவது பாதுகாப்புக் கேள்வியும் கூட. பகுதி ஓட்டக் குழுவோடு சேருவது அல்லது ஆறு மணிக்கு மேல் பூங்கா நடைபாதையில் ஓடுவது நடைமுறைக்கு ஒத்து வரும். தெருநாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி, கண்ணைப் பார்க்காமல் மெதுவாக நடந்து விலக வேண்டும். சர்க்கரைக்கு இன்சுலினோ, சர்க்கரையை மிகவும் தாழ்த்தக்கூடிய மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் ஓடக் கூடாது. முதலில் மருத்துவரைக் கேளுங்கள்.

உடம்பு தேங்கிப்போனதுதான் உங்கள் பிரச்சினை என்றால் இதுவே முதல் தேர்வு. கூச்சமோ, ஆளைப் பார்த்துப் பேசும் தயக்கமோ பிரச்சினை என்றால் ஓட்டம் மனநிலையைச் சற்றுத் தூக்கிவிடும், அந்தத் தயக்கத்தைத் தொடாது.

மேடைப் பேச்சு

நான்கில் அதிகம் பேர் தட்டிக் கழிப்பது இதைத்தான். அதிகம் பேருக்குப் பயன்படப்போவதும் இதுதான் என்பது என் உறுதியான கருத்து. அலுவலகத்தில் வேலை தெரிந்தும் பின்தங்குபவர்களைப் பாருங்கள். பெரும்பாலும் தடையாக நிற்பது திறமைக் குறைவு அல்ல, கூட்டத்தில் வாய் திறக்காததுதான்.

1924இல் கலிபோர்னியாவில் தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்ற பேச்சுப் பயிற்சி அமைப்புக்குத் தமிழ்நாட்டு நகரங்களில் மன்றங்கள் இருக்கின்றன, தமிழில் நடப்பவை உட்பட. விருந்தினராகப் போய்ப் பார்க்கக் கட்டணமில்லை. சேர்ந்தால் தலைமையகத்துக்கு ஆறு மாதத்துக்கு 60 டாலர், சேரும்போது ஒருமுறை 20 டாலர். இதற்கு மேல் அந்தந்த மன்றம் இடவாடகைக்கு ஏதாவது வாங்கலாம். கூட்டம் வாரம் ஒருமுறையோ இரு வாரத்துக்கு ஒருமுறையோ, ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் நடக்கும்.

ஏறும் படிகள் இயல்பாகவே அமைந்திருக்கின்றன. முதல் இரண்டு கூட்டம் வெறும் பார்வையாளர். அடுத்து நேரக் கண்காணிப்பாளர்: எழுந்து நின்று நான்கு வாக்கியம் பேசினால் போதும். பிறகு முன்தயாரிப்பு இல்லாமல் ஒன்று முதல் இரண்டு நிமிடம் பேசும் பகுதி. ஒரு நிமிடத்தில் பச்சை, ஒன்றரையில் மஞ்சள், இரண்டில் சிவப்பு அட்டை காட்டுவார்கள். அதன்பின் நான்கு முதல் ஆறு நிமிட அறிமுகப் பேச்சு. கடைசியில் இன்னொருவர் பேச்சை மதிப்பிட்டு இரண்டு மூன்று நிமிடம் பேசுவது. இந்தக் கடைசிப் படியைத் தவிர்க்காதீர்கள். மற்றவர் பேச்சில் எதைக் கவனிப்பது என்று கற்றுக்கொண்ட பிறகுதான் தன் பேச்சு காதில் விழ ஆரம்பிக்கும்.

கெட்டுப்போகும் இடங்கள் மூன்று. மனப்பாடம் செய்து ஒப்பிப்பது முதலாவது: ஒரு வரி மறந்தால் முழுப் பேச்சும் சரியும். தொடக்க வாக்கியத்தையும் முடிவு வாக்கியத்தையும் மட்டும் மனப்பாடம் செய்து, நடுவில் மூன்று குறிச்சொற்களை வைத்துக்கொண்டு பேசுங்கள். இரண்டாவது, பயத்தை மறைக்கும் தந்திரங்கள். காகிதத்தை இறுகப் பிடிப்பது, தரையைப் பார்ப்பது, வேகமாகப் பேசி முடித்துவிடுவது எல்லாம் அன்றைய பேச்சைக் கடத்திவிடும். ஆனால் "அதனால்தான் தப்பித்தேன்" என்று மனம் கணக்கு எழுதிக்கொள்ளும், பயம் அப்படியே இருக்கும். பேசுவதற்கு முன் என்ன ஆகும் என்று பயப்படுகிறீர்கள் என ஒரு வரி எழுதுங்கள்: "நடுவில் நின்றுவிடுவேன், எல்லோரும் சிரிப்பார்கள்." முடிந்ததும் நடந்ததை அதன் கீழே எழுதுங்கள். பத்து பேச்சுக்குப் பிறகு அந்த நோட்டுப் புத்தகம் செய்யும் வேலையை எந்த ஊக்க உரையும் செய்யாது. மூன்றாவது, மன்றமே பாராட்டு மழையில் இறங்கிவிடுவது. மதிப்பிடுபவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்: "இன்று என் இடைநிறுத்தங்களை மட்டும் பாருங்கள்."

தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் பேசத் தயங்குபவர்களுக்கு ஒரு தனி ஆலோசனை. மேடை ஒரு சிரமம், ஆங்கிலம் இன்னொரு சிரமம். இரண்டையும் ஒரே நாளில் தூக்கினால் எது விழுகிறது என்றே தெரியாது. முதல் மூன்று பேச்சைத் தமிழில் பேசுங்கள். பிறகு அதே மூன்றை, அதே வரிசையில், ஆங்கிலத்தில்.

இந்தச் சங்கடத்தை எப்படிப் பார்ப்பது என்பதற்கு ஆய்வுச் சான்று உண்டு. கெய்ட்லின் வூலி, அயலெட் ஃபிஷ்பாக் இருவரும் 2022இல் வெளியிட்ட ஆய்வில், சிகாகோவில் ஒத்திகையில்லா நாடகம் பயிலும் மாணவர்களில் ஒரு பகுதியினரிடம் "கூச்சமாக உணர்வதுதான் இன்றைய இலக்கு" என்றார்கள். அவர்கள் மற்றவர்களை விட அதிக நேரம் எல்லோர் பார்வையிலும் நின்றார்கள், துணிந்த முயற்சிகளும் செய்தார்கள். நெஞ்சு படபடப்பதைத் தோல்வியின் அறிகுறியாக எடுக்காமல், பயிற்சி நடக்கிறது என்பதற்கு அடையாளமாக எடுத்துக்கொண்டதால் வந்த மாற்றம் இது.

மாதத்துக்கு ஒரு பேச்சு போதாது, இடைவெளியில் பயம் பழைய நிலைக்குப் போய்விடும். வாராந்திர அலுவலகக் கூட்டத்தில் முதல் பத்து நிமிடத்துக்குள் ஒரு கேள்வி கேட்பது என்று விதி வைத்துக்கொள்ளுங்கள். குடியிருப்போர் சங்கக் கூட்டம், பள்ளிப் பெற்றோர் கூட்டம் எல்லாம் காசில்லாத மேடைகள். ஆனால் பேசுவதை நினைத்தாலே மூச்சு முட்டி, பள்ளி, வேலை, விசேஷம் எல்லாவற்றையும் தவிர்க்கும் அளவுக்கு இருந்தால் மன்றம் இடமல்ல. மனநல உளவியலாளர் வேண்டும். அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416 கட்டணமில்லாதது.

பத்து நாள் விபாசனா

எஸ்.என். கோயங்கா 1969இல் இந்தியாவில் கற்பிக்கத் தொடங்கிய முறை. சென்னைக்கு அருகே திருமுடிவாக்கத்தில் மையம் உண்டு. அதிகாலை நான்கு மணிக்கு மணி அடிக்கும், ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கு மேல் தியானம், உடன் பயில்பவர்களோடு பேச்சில்லை, கைபேசி, புத்தகம், பேனா எதுவும் இல்லை. முதல் மூன்று நாள் மூச்சை மட்டும் கவனிப்பது. நான்காம் நாள் விபாசனா தொடங்கிய பிறகு, நாளுக்கு மூன்று தடவை ஒரு மணி நேரம் அசையாமல் உட்காரும் அமர்வுகள். கட்டணம் இல்லை. முடித்தவர்கள் விரும்பினால் நன்கொடை தரலாம்.

பணச் செலவு இல்லாததால் இதை மலிவு என்று நினைக்க வேண்டாம். வந்து சேரும் நாள், புறப்படும் நாள் சேர்த்தால் 12 நாள் விடுப்பு. வீட்டில் வயதானவரோ சிறு குழந்தையோ இருந்தால் அந்த 12 நாளும் இன்னொருவர் தோளில். அதைவிடப் பெரிய செலவு பிறகு வருகிறது: பலன் நிலைக்கக் காலை ஒரு மணி, மாலை ஒரு மணி வீட்டில் உட்காரச் சொல்கிறார்கள். வேலைக்குப் போகிறவர்களில் பலருக்கு இங்கேதான் கயிறு அறுகிறது.

அளவைக் குறைக்க வழி இல்லாத ஒரே வழியும் இதுதான். மூன்றாம் நாள் போதும் என்று தோன்றினாலும் பத்து நாளும் இருப்பதாக ஒப்புக்கொண்டுதான் உள்ளே போகிறீர்கள். அதனால் முதல் சிரமமாக இதைத் தேர்ந்தெடுக்க நான் சொல்ல மாட்டேன். ஒரு மாதம் தினமும் 20 நிமிடம் வீட்டில் மூச்சைக் கவனித்து உட்காருங்கள். அதில் 20 நாளாவது தவறாமல் வந்தால் விண்ணப்பியுங்கள். மூட்டு வலி இருந்தால் நாற்காலி தேவை என்று விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். கடுமையான மனநோய் இருந்தவர்களுக்கு இந்த முகாம் ஏற்றதல்ல என்று அமைப்பே சொல்கிறது, அந்தக் கேள்விக்கு உண்மையாகப் பதில் எழுதுங்கள். முகாமுக்காக எந்த மாத்திரையையும் தானாக நிறுத்தக் கூடாது.

கோபம், ஓயாத யோசனை, கைபேசியை விட முடியாமை ஆகியவை தொல்லை என்றால், 12 நாளை யார் தலையிலும் சுமத்தாமல் ஒதுக்க முடிந்தால், இதற்கு இணையான ஒன்றை மற்ற மூன்றும் தராது.

குளிர்ந்த நீர்

மிக மலிவானது, மிகச் சீக்கிரம் முடிவது, மிகச் சீக்கிரம் தீர்ந்தும் போவது. குளிர்ந்த நீரில் இறங்கியதும் வரும் மூச்சுத் திணறலும் படபடப்பும், இரண்டு மூன்று நிமிடம் வீதம் ஐந்தாறு முறை இறங்கினாலே ஏறத்தாழப் பாதியாகிவிடும். பழகியதும் அது சிரமமாக இருப்பதில்லை, நீங்களும் வளர்வதில்லை.

நெதர்லாந்தில் 3018 பேரை வைத்து நடந்து 2016இல் வெளியான ஆய்வு இதற்கு அடிக்கடி காட்டப்படும் சான்று. குளியலின் முடிவில் 30, 60, 90 நொடி குளிர்ந்த நீரை விட்டவர்கள் வேலைக்கு நோய் விடுப்பு எடுத்தது 29 சதவீதம் குறைந்தது. ஆனால் உடம்பு சரியில்லாமல் இருந்த நாட்கள் குறையவில்லை. 30 நொடிக்கும் 90 நொடிக்கும் வித்தியாசமும் இல்லை. அரை நிமிடம் போதும் என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

சமவெளித் தமிழ்நாட்டில் வேறொரு சிக்கல், குழாயில் குளிர்ந்த நீரே வராது. மாடித் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியில் இருக்கிறது என்று வையுங்கள். ஒரு வாளி, அதாவது 15 லிட்டரை, 15 டிகிரிக்கு இறக்க சுமார் இரண்டரைக் கிலோ ஐஸ் வேண்டும். வீட்டு ஐஸ் தட்டில் பத்து தட்டு. தினமும் நடக்காது. ஊட்டி, கொடைக்கானலில் இருப்பவர்களுக்கு டிசம்பரில் குழாயைத் திறந்தால் போதும்.

செய்வதானால் கால், கை, பிறகு மார்பு என்ற வரிசையில் ஊற்றி, மூச்சை நீளமாக வெளியே விடுங்கள். இதய நோய், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், குளிரில் விரல் வெளுத்து மரத்துப்போகும் தொல்லை உள்ளவர்கள் தொட வேண்டாம். எடைப் பயிற்சி செய்பவர்கள் அது முடிந்தவுடன் ஐஸ் குளியலில் உட்கார்ந்தால் தசை வளர்ச்சி குறைகிறது.

பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | ஓட்டம் | மேடை | விபாசனா | குளிர்ந்த நீர் |
|---|---|---|---|---|
| நேரம் | வாரம் 1½ – 2 மணி | வாரம் 1 – 2 மணி | 12 நாள், பிறகு தினம் 2 மணி | தினம் 1 நிமிடம் |
| அளவைக் குறைக்க முடியுமா | முடியும் | முடியும் | முடியாது | முடியும் |
| திருத்தம் சொல்ல | மூச்சு, கடிகாரம் | மதிப்பீட்டாளர் | ஆசிரியர், முகாமில் மட்டும் | இல்லை |
| வீட்டார் தரும் விலை | கொஞ்சம் | மிகக் குறைவு | அதிகம் | இல்லை |
| சிரமம் நீடிப்பது | பல மாதம் | வருடக்கணக்கில் | ஒவ்வொரு முகாமிலும் | ஓரிரு வாரம் |

தொடங்கிய பிறகு

சபரிமலைக்கு மாலை போட்டவர் 41 நாள் காலையிலும் மாலையிலும் பச்சைத் தண்ணீரில் குளிக்கிறார், செருப்பில்லாமல் நடக்கிறார், பாயில் படுக்கிறார். வேறு எதையும் ஒரு வாரம் தொடராதவர்கூட இதை முடிக்கிறார். பக்தி முதல் காரணம். கூடவே, முடியும் தேதி தெரியும், கழுத்தில் அடையாளம் இருக்கிறது, குருசாமியும் கூட்டமும் இருக்கிறார்கள், வீடே அதற்கேற்ப மாறிக்கொள்கிறது. இந்த நான்கையும் உங்கள் பயிற்சிக்கும் கொடுங்கள்: ஒரு கடைசித் தேதி, வெளியில் தெரியும் ஒரு குறி (சுவர்க் காலண்டரில் பேனாக் கோடு போதும்), வாரம் ஒருமுறை கேட்கும் ஒரு ஆள், வீட்டாரோடு முன்கூட்டியே ஒரு பேச்சு.

இரண்டைச் சேர்த்துச் செய்ய ஆசைப்பட்டால் ஓட்டமும் மேடையும் சேரும், ஒன்று களைப்பது உடம்பை, மற்றது மனத்தை. ஓட்டத்தையும் தினசரி இரண்டு மணி நேரத் தியானத்தையும் ஒரே மாதத்தில் தொடங்கினால் இரண்டும் தூக்கத்திலிருந்துதான் கடன் வாங்கும்.

நல்ல சிரமம் செய்வதற்கு முன் கனமாகவும் முடித்ததும் லேசாகவும் இருக்கும். மூன்று வாரம் கழித்தும் முந்தின இரவே தூக்கம் போகிறது என்றால், வீட்டாரிடம் எரிச்சல் கூடுகிறது என்றால், அளவைப் பாதியாக்கி இரண்டு வாரம் பாருங்கள். 20 நிமிடம் பத்தாகட்டும், பேச்சுக்குப் பதில் நேரக் கண்காணிப்பு ஆகட்டும். நெஞ்சு வலி, மயக்கம், ஒரே மூட்டில் குத்தும் வலி இவற்றுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அன்றே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள்.